ராத்திரி பத்து, காலையில் எட்டரை: கொணவட்டம் பஞ்சர் கடை டேங்கில் காணாமல் போன காற்று

வேலூர் கொணவட்டத்தில் பெங்களூரு சாலையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. லாரி டயர் வேலைதான் அதிகம். பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஐந்து எச்.பி. மோட்டார் பூட்டிய டூ ஸ்டேஜ் ஏர் கம்ப்ரசர் 220 லிட்டர் டேங்கோடு நிற்கிறது. கடைக்காரரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் பக்கத்தில் சேண்பாக்கத்தில் குடியிருப்பவன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். பாயின் மகன் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிறான், மாலையில் கடையில் நிற்பான்.

ஏப்ரலில் ஒரு நாள் என் ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்கப் போனபோது பாய் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, ராத்திரி பத்து கிலோ வெச்சிட்டு ஷட்டர் எறக்குறேன். காலையில வந்தா எட்டரை. தெனமும் காத்து எறங்கிகினே கீது."

கடைப் பேச்சில் கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் அத்தனை கிலோகிராம் அழுத்தம். கேஜின் முகத்தில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. மெக்கானிக் ஒருவர் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். முதல் தடவை, டேங்குக்குள் போன காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வை மாற்றினார். இரண்டாம் தடவை சேஃப்டி வால்வு, டிரெயின் காக் மரைகளைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டினார், டேங்க் முழுக்கச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுநாள் காலையிலும் எட்டரைதான். பாய் பாதிக் கூலியை நிறுத்தி வைத்திருந்தார். இந்த ஆய்வு தொடங்கியதற்கு உண்மையான காரணம் அந்தக் கூலித் தகராறுதான், வெப்ப இயக்கவியல் அப்புறம்தான் வந்தது.

அவசரத் தீர்ப்பு

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓட்டை எதுவும் இல்ல பாய். ராத்திரி டேங்க் சூடா இருக்கு, விடியறதுக்குள்ள ஆறிடுது. காத்து அப்படியேதான் இருக்கு, அழுத்தம் மட்டும் குறையுது" என்றேன். பாடம் நடத்துகிறவனுக்கு வாய் முந்திக்கொள்ளும்.

பாயின் மகன் உடனே போனில் கணக்குப் போட்டான். ராத்திரி டேங்க் 60 டிகிரி, விடிகாலை 28 டிகிரி என்று வைத்துக்கொண்டு, 10 × 28 ÷ 60. விடை 4.7. "சார், உங்க கணக்குப்படி நாலே முக்கால்கிட்ட நிக்கணும். எட்டரை இருக்குதே, அப்ப காத்து கூடியிருக்குதா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

இதே தப்பைத்தான் வருஷா வருஷம் விடைத்தாளில் பார்க்கிறேன். மூடிய டேங்கில் அழுத்தம் வெப்பநிலையின் விகிதத்தில் ஏறி இறங்கும் என்பது வாயு விதி. அந்த விதிக்குச் செல்சியஸ் தெரியாது, கெல்வின்தான் தெரியும். 60 டிகிரி என்பது 333 கெல்வின், 28 டிகிரி என்பது 301. அதேபோல கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். வெளிக்காற்றின் ஒரு கிலோவையும் சேர்த்தால்தான் உள்ளே இருக்கும் முழு அழுத்தம் கிடைக்கும். கேஜ் 10 என்றால் உள்ளே 11. ஆகவே கணக்கு 11 × 301 ÷ 333, அதாவது 9.94. கேஜில் அது 8.9 என்று தெரியும்.

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். பாய் சொன்னது எட்டரை. வெறும் சூடு ஆறியே எட்டரைக்கு வரவேண்டுமென்றால் ராத்திரி டேங்க் 75 டிகிரிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அது 60-ஆ 75-ஆ என்று எனக்கு எப்படித் தெரியும்? தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சாட்சியைத் தேடிய கதை.

டேங்க் ஏன் சுடுகிறது

அளக்கப் போவதற்கு முன்னால் எவ்வளவு சூட்டை எதிர்பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வெப்ப இயக்கவியலின் முதல் விதி சொல்வது எளிமையானது: வாயுவுக்குக் கொடுத்த வெப்பம், அதன் அக ஆற்றலில், அதாவது உள்ளே வைத்திருக்கும் ஆற்றலில், ஏற்பட்ட மாற்றத்துக்கும் அது செய்த வேலைக்கும் பங்காகிறது. (பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம் வாயு செய்த வேலையைக் கழிக்கும், வேதியியல் புத்தகம் வாயுவின் மேல் செய்த வேலையைக் கூட்டும். இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரே பையில் இரண்டு புத்தகத்தையும் சுமக்கிற பிள்ளைகளுக்கு அது எத்தனை மார்க்கைத் தின்றிருக்கிறது!)

சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் நேரம் மிகக் குறைவு. வெப்பம் வெளியேற அவகாசம் இல்லை. அதை வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று எடுத்துக்கொள்ளலாம். வெப்பம் பூஜ்யம் என்பதால் பிஸ்டன் செய்த வேலை முழுக்கக் காற்றின் சூடாகிறது. 35 டிகிரிக் காற்றை ஒரே மூச்சில் 11 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 338 டிகிரியைத் தொடும். கம்ப்ரசர் ஆயில் கருகிவிடும். அதனால்தான் டூ ஸ்டேஜ். பெரிய சிலிண்டரில் பாதி வேலை, நடுவில் செதில் வைத்த குழாயில் ஆறவிடுவது, சின்ன சிலிண்டரில் மீதி வேலை. ஒவ்வொரு ஸ்டேஜும் அழுத்தத்தை 3.3 மடங்கு உயர்த்தும். நடுக்குழாய் காற்றை மறுபடி 35 டிகிரிக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஸ்டேஜின் முடிவிலும் சூடு 161 டிகிரியோடு நிற்கும்.

வேலையிலும் லாபம் உண்டு. ஒரு கிலோகிராம் காற்றுக்கு ஒரே ஸ்டேஜ் என்றால் 304 கிலோஜூல், இரண்டு ஸ்டேஜ் என்றால் 253. வெப்பநிலை மாறாமலே அமுக்க முடிந்தால் 212 போதும். அந்த 212-ஐ எந்த பஞ்சர் கடையும் பார்த்ததில்லை. அது பிஸ்டன் ஆமை வேகத்தில் நகர்ந்தால் கிடைக்கும் எண், லாரிக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

அடுத்து டேங்க். இங்கேதான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்குவார்கள். உள்ளே வரும் காற்று தன் அக ஆற்றலோடு மட்டும் வருவதில்லை. பின்னால் வருகிற காற்று அதை உள்ளே தள்ளுகிறது, அந்தத் தள்ளுகிற வேலையும் டேங்குக்குள்தான் வந்து சேர்கிறது. உள்ளே காற்றே இல்லாத காலி டேங்க் ஒன்றை 35 டிகிரிக் காற்றால் நிரப்பினாலே, சுவருக்கு வெப்பம் போகாத பட்சத்தில், உள்ளே 158 டிகிரி வரும். கெல்வினில் சரியாக 1.4 மடங்கு. நம்பாதவர்கள் சைக்கிள் பம்ப்பின் அடியைத் தொட்டுப் பார்க்கலாம். அங்கே நடப்பது வேறு நிகழ்வு என்றாலும் விரல் நம்பிவிடும்.

பாயின் கம்ப்ரசர் 7 கிலோவில் ஓடத் தொடங்கி 10-ஐத் தாண்டியதும் நிற்கும். 47 டிகிரியில் 7 கிலோ இருக்கும் டேங்குக்குள், செதில் குழாயில் ஆறி 80 டிகிரியில் காற்று வந்து 10 கிலோ ஆகிறது என்று வைத்துக் கணக்கிட்டேன். புதிதாக நுழைவது அரைக் கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவான காற்று. சுவர் எதையும் உறிஞ்சாவிட்டால் முடிவில் 81 டிகிரி. சுவர் உறிஞ்சும். ஆகவே உண்மை 47-க்கும் 81-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நான் வாயால் சொன்ன 75 அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது, பையன் சொன்ன 60-உம் வருகிறது. கணக்கு எவனையும் காட்டிக்கொடுக்கவில்லை. தெர்மாமீட்டர்தான் சொல்ல வேண்டும்.

அளந்த ராத்திரி

நல்ல வாய்ப்பு ஒன்று தானாக வந்தது. பாயின் அக்கா மகளுக்கு ஆம்பூரில் நிக்காஹ். ஒரு நாள் முழுக்கக் கடை அடைப்பு. முந்தின ராத்திரி தொடங்கி, அடைத்த நாளைத் தாண்டி, அடுத்த விடிகாலை வரை டேங்கை யாரும் தொடமாட்டார்கள். ஷட்டர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "தினமும் எப்படி விட்டுட்டுப் போறீங்களோ அப்படியே விட்டுட்டுப் போங்க. எதையும் சரி பண்ணாதீங்க."

ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். அதன் நுனியை டேங்கின் மேல் வைத்து, மேலே மடித்த சாக்குத் துணியைப் போட்டு, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான் பையன். டிரெயின் காக்கைத் திறந்து பழைய தண்ணீரை முழுக்க வடித்தோம். அப்புறம் கடைசி லாரிக்கு வேலை முடிந்து, கம்ப்ரசர் ஓடி நின்றது. நின்றபோது கேஜ் 10.2. ஐந்து நிமிடம் பொறுத்தோம், 10.0 ஆனது. அந்த ஐந்து நிமிடம் உள்ளே இருக்கும் காற்றும் டேங்கின் இரும்பும் ஒரே சூட்டுக்கு வருவதற்கான அவகாசம். தெர்மாமீட்டர் 60 காட்டியது. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மணி ஒன்பது. அதிலிருந்து கேஜ் இப்படி இறங்கியது: ஒன்பதரைக்கு 9.3, பத்து மணிக்கு 9.1, பதினோரு மணிக்கு 8.9. அதற்கு மேல் கொசு விடவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிகாலை ஐந்தரைக்குப் போனபோது டேங்க் 28 டிகிரி, கேஜ் 8.5. பாய் சொன்னது சொன்னபடி.

இறங்கிய விதத்தைக் கவனியுங்கள். முதல் அரை மணியில் 0.7. அடுத்த அரை மணியில் 0.2. அடுத்த ஒரு மணி நேரத்தில் 0.2. அப்புறம் ஆறரை மணி நேரத்துக்கு வெறும் 0.4. ஓட்டை மட்டும் இருந்தால் இப்படி இறங்காது. ஓட்டைக்கு முதல் அரை மணியும் கடைசி அரை மணியும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமாகத் தொடங்கித் தளர்வது ஆறுகிற பொருளின் குணம். ஆகவே பெரும்பகுதி சூடு ஆறியதுதான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சூடு மட்டுமே என்றால் 8.9-இல் நிற்க வேண்டும். 0.4 எங்கே போனது?

இரும்பும் தண்ணீரும்

இந்த இடத்தில் பாடத்தை ஒருமுறை முழுசாக நடத்திப் பார்த்தேன். டேங்க் இரும்பு, விரியாது, சுருங்காது. ஆகவே இது பருமன் மாறா நிகழ்வு. காற்று வேலை எதுவும் செய்யவில்லை, வெளியே போன வெப்பம் முழுக்க அக ஆற்றலிலிருந்துதான் போயிருக்க வேண்டும். ஒரு கிலோ அழுத்தத்தை 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் 98, இந்தக் கேஜுக்கு அந்தத் துல்லியம் கொசுறு. டேங்கில் இருக்கும் காற்று 2.5 கிலோகிராம். அது 32 டிகிரி ஆறும்போது விடும் வெப்பம் 58 கிலோஜூல். 200 மில்லி தண்ணீரை, ஒரு டம்ளர் டீக்கான தண்ணீரை, கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு. அவ்வளவுதான்.

இவ்வளவு கொஞ்சம் வெப்பம் ஆற ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது? காற்று தனியாக ஆறுவதில்லை. டேங்கின் இரும்பு சுமார் 70 கிலோகிராம் இருக்கும். அதுவும் அதே 32 டிகிரி ஆற வேண்டும். இரும்பு விடும் வெப்பம் 1,075 கிலோஜூல், காற்றைப்போல் 18 மடங்கு. ராத்திரி முழுக்க ஆறியது இரும்பு. காற்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனது.

ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1845-இல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வந்தது. அவரும் ஒரு செம்புப் பாத்திரத்துக்குள் பம்ப்பால் காற்றை அடைத்தார், 22 மடங்கு அழுத்தம் வரை. பாத்திரத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அமுக்குவதில் பிறந்த வெப்பத்தை அளந்தார். அப்புறம் அந்தக் காற்றைக் காலியான இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குள் திறந்துவிட்டார். சுற்றியிருந்த தண்ணீரின் சூடு மாறவில்லை. வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டும் பொறுத்தது என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதற்கு அந்தச் சோதனைதான் வேர். ஆனால் செம்பும் தண்ணீரும் காற்றைவிடப் பல மடங்கு வெப்பத்தை விழுங்கக்கூடியவை. சின்ன மாற்றம் ஏதும் இருந்திருந்தாலும் அவர் தெர்மாமீட்டரில் தெரிந்திருக்காது. சில வருஷம் கழித்து தாம்சனோடு (பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர்) சேர்ந்து வேறு முறையில் பார்த்தபோதுதான் அந்தச் சின்ன மாற்றம் பிடிபட்டது. பாயின் டேங்கில் அந்தக் கவலை இல்லை. 11 கிலோ அழுத்தத்தில் காற்று நல்லியல்பு வாயுவிலிருந்து, அதாவது வாயு விதிக்கு அப்படியே கட்டுப்படும் வாயுவிலிருந்து, விலகுவது ஒரு சதவீதத்துக்கும் உள்ளேதான், கேஜின் முள் அதைவிடத் தடிமன்.

என் கணக்கில் தவறியது வேறொன்று. நான் டேங்கில் இருப்பது காற்று மட்டும் என்று எழுதியிருந்தேன். அன்று மாலை கடையில் 33 டிகிரி, ஈரப்பதம் பாதிக்கு மேல். கம்ப்ரசர் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. 11 மடங்கு அமுக்கும்போது நீராவியின் பங்கும் 11 மடங்காகப் பார்க்கும். ஆனால் 60 டிகிரியில் நீராவி 0.2 கிலோ அழுத்தத்துக்கு மேல் தாங்காது, மீதி அங்கேயே தண்ணீராகிவிடும். விடிகாலை 28 டிகிரிக்கு வந்தால் தாங்குவது 0.04 கிலோதான். அதாவது ராத்திரி முழுக்க நீராவி தண்ணீராகிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரானது கேஜைத் தள்ளாது.

திருத்திப் போட்டேன். மொத்தம் 11-இல் காற்றின் பங்கு 10.8, நீராவி 0.2. காற்று 10.8 × 301 ÷ 333, அதாவது 9.76. அதோடு நீராவியின் 0.04. கூட்டினால் 9.8. கேஜில் 8.8.

இதில் என்னையே ஆச்சரியப்படுத்தியது அழுத்தம் இல்லை, வெப்பம். ராத்திரியில் நீராவியிலிருந்து பிரிந்த தண்ணீர் சுமார் 23 கிராம். அது தண்ணீராகும்போது விட்ட வெப்பம் 50 கிலோஜூலுக்கு மேல். இரண்டரைக் கிலோகிராம் காற்று ஆறி விட்டதற்கு ஏறக்குறைய ஈடு! பருமன் மாறா நிகழ்வு என்று தலைப்புப் போட்டு, வெப்பம் என்றால் நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிறோமே, அந்த எண் மொத்த வெப்பத்தில் பாதிதான் என்று ஒரு பஞ்சர் கடை டேங்க் சொல்கிறது. முதல் விதி பொய்யாகவில்லை. உள்ளே இருப்பது யார் யார் என்று நான் சரியாக எண்ணவில்லை.

சரி, இப்போது 8.8-க்கு 8.5. இன்னும் 0.3 பாக்கி. கேஜின் முள்ளை 0.1-க்குக் கீழே யாராலும் படிக்க முடியாது. 0.3 என்பது 0.2 ஆகவும் இருக்கலாம், 0.4 ஆகவும் இருக்கலாம். பூஜ்யம் மட்டும் இல்லை. ஓட்டை இல்லவே இல்லை என்று நான் அடித்துச் சொன்னது தப்பு.

கடை அடைத்த நாள்

ஓட்டையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரே வெப்பநிலையில் இரண்டு முறை படிப்பது. விடிகாலை 28 டிகிரி, மறுநாள் விடிகாலையும் 28 டிகிரி. நடுவில் எத்தனை சூடு வந்து போனாலும் கணக்கில் அடிபட்டுவிடும். அக ஆற்றல் நிலையை மட்டும் பொறுத்தது, வந்த வழியைப் பொறுத்தது இல்லை என்று சொல்கிறோமே, அதற்கு இதைவிட மலிவான உபயோகம் எனக்குத் தெரியாது. ராத்திரி எட்டரை மணி நேரத்தில் 0.3 என்றால், அந்த வேகத்தில் 24 மணி நேரத்தில் 8.5 எவ்வளவாகும் என்று முன்கூட்டியே எழுதி, தேதி போட்டு மடித்து வைத்தேன்: 7.7.

மதியம் இரண்டரைக்கு, வேலூர் வெயில் தெரிந்தவர்கள் வெளியே வராத நேரத்தில், கொட்டகையைத் திறந்தேன். உள்ளே அனல். டேங்க் 41 டிகிரி. கேஜைப் பார்த்தால் 8.6.

காலையில் 8.5, இப்போது 8.6. மோட்டாரை யாரும் தொடவில்லை, பிளக்கே பிடுங்கிக் கிடக்கிறது. ஆம்பூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் பந்தி சத்தம். "அப்ப ஓட்டை தானா அடைஞ்சிடுச்சி சார்" என்றார் பாய். பிரியாணி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் விளக்கம் சொல்வது வீண், வைத்துவிட்டேன்.

ஓட்டை அடையவில்லை. 28-லிருந்து 41-க்குப் போனதில் வெப்பம் உள்ளே வந்திருக்கிறது, வேலை இல்லை, அக ஆற்றல் கூடியிருக்கிறது. ஓட்டை இல்லாதிருந்தால் உள்ளே 9.5 × 314 ÷ 301, அதாவது 9.9 இருக்க வேண்டும். கேஜில் 8.9. அடியில் கிடக்கும் தண்ணீரில் கொஞ்சம் மறுபடி ஆவியாவதால் இன்னும் ஒரு துளி கூட. காட்டியது 8.6. ஒன்பது மணி நேரத்தில் 0.3 போயிருக்கிறது. ஏறுகிற முள்ளுக்குப் பின்னால் இறங்குகிற காற்று ஒளிந்திருந்தது.

மறுநாள் விடிகாலை ஐந்தரை. பையனும் வந்துவிட்டான். டேங்க் 28 டிகிரி. கேஜ் 7.6. மடித்த காகிதத்தை அவனே பிரித்தான். 7.7-க்கு 7.6. இதற்கு மேல் அந்தக் கேஜிடம் எதிர்பார்ப்பது பேராசை.

டிரெயின் காக்கைத் திறந்தோம். சீறலோடு வந்த தண்ணீரை டீ கிளாஸில் பிடித்தான். கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. துருவின் நிறம், மேலே எண்ணெய் வளையம். என் 23 கிராம் கிளாஸுக்குள் நிற்பதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போது பையன் ஒரு கேள்வி கேட்டான். இந்த ஆய்வில் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அது. "சார், டயர்ல வால்வு முள்ளைப் பிடுங்கினா காத்து ஐஸ் மாதிரி வருதே. ஓட்டை வழியா காத்து போனா டேங்கும் குளிரணும் இல்ல? அதைச் சேர்க்கலையே?"

குளிர்வது நிஜம். டயருக்குள் மிஞ்சியிருக்கும் காற்று, வெளியேறும் காற்றைத் தள்ளுகிற வேலையைச் செய்கிறது. சட்டென்று நடப்பதால் வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர நேரம் இல்லை. வேலைக்கான விலையை அக ஆற்றலிலிருந்து கொடுக்கிறது, ஆகவே குளிர்கிறது. டேங்கிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஆனால் இங்கே காற்று கசியும் வேகம் நிமிடத்துக்கு சுமார் 130 மில்லி. அவ்வளவு மெதுவாகக் குளிர நினைத்தால் பக்கத்தில் நிற்கும் 70 கிலோ இரும்பு உடனுக்குடன் வெப்பத்தைக் கொடுத்து ஈடுகட்டிவிடும். ஒரே காற்று, ஒரே விதி. டயரில் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு, டேங்கில் வெப்பநிலை மாறா நிகழ்வு. வித்தியாசம் அவசரத்தில் இருக்கிறது.

டியூப்

நிமிடத்துக்கு 130 மில்லி என்பது சோப்புத் தண்ணீருக்கு ஒளிந்துகொள்ளக்கூடிய அளவு இல்லை. விநாடிக்கு இரண்டு மில்லி, குமிழி கண்ணுக்கு எதிரே ஊதும். அப்படியிருக்க மெக்கானிக்குக்கு ஏன் தெரியவில்லை? அவர் எப்படிச் சோதித்தார் என்று பையனிடம் ஒவ்வொரு அடியாகக் கேட்டேன். "டியூப் குறுக்க இருந்ததுன்னு டேங்க் வால்வை மூடிட்டு டியூபைக் கழட்டி ஓரமா வெச்சாரு சார். அப்பால சோப்பு அடிச்சாரு."

அதுதான். அவர் டேங்கைச் சோதித்தார், டேங்க் சுத்தம். ஆனால் கடையில் ராத்திரி அடைபட்டிருப்பது டேங்க் மட்டும் இல்லை. டேங்க், பால் வால்வு, பதினைந்து மீட்டர் ரப்பர் டியூப், அதன் மூக்கில் காற்று பிடிக்கும் துப்பாக்கி, அத்தனையும் சேர்ந்ததுதான் காற்று இருக்கும் இடம். பால் வால்வின் கைப்பிடி இறுகிப் போனதால் ராத்திரியில் யாரும் அதை மூடுவதில்லை. முதல் விதியைப் போடுவதற்கு முன்னால் அமைப்பின் எல்லையை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் கத்துகிறேன். மெக்கானிக் வரைந்த எல்லையும் பாய் வரைந்த எல்லையும் வேறு வேறு. நான் வரையவே இல்லை.

கம்ப்ரசரை ஓட்டி, டியூபின் முழு நீளத்துக்கும் சோப்புத் தண்ணீர் தடவினோம். துப்பாக்கி சேரும் இடத்தில், கிளிப்புக்கு அரை இன்ச் பின்னால், ரப்பர் வெடித்த இடத்தில் நுரை காலிஃப்ளவர் மாதிரி பூத்தது. பையன் அந்த இடத்தை வெட்டி எறிந்து, புதுக் கிளிப் போட்டு முறுக்கினான். பால் வால்வின் கைப்பிடிக்கு ஆயில் விட்டு இரண்டு தட்டுத் தட்டினான்.

அன்று ராத்திரி மறுபடியும் ஒன்பது மணிக்கு 60 டிகிரியில் 10.0. காலை 28 டிகிரியில் 8.8.

பாய் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நிறுத்திவைத்த கூலியைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், டேங்க்ல ஒண்ணுமில்லன்னு" என்றார். அதுவும் உண்மைதான். நான்-ரிட்டர்ன் வால்வு வீணாக மாற்றப்பட்டதை யாரும் பேசவில்லை. டீ வந்தது.

கேஜுக்கு மேலே சுவரில் பாய் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: ராத்திரி 10, காலை 8.8. கத்திரி வெயில் தொடங்கி, விடிகாலையிலேயே 30 டிகிரி இருந்த ஒரு நாள் முள் 8.9-ஐத் தொட்டது. பாய் போன் போட்டு, காத்து ஏறுது சார் என்றார். பின்னாலிருந்து பையன் குரல் கேட்டது: "நைட்டு புழுக்கம்பா, அதான்."

மார்கழியில் விடிகாலை 20 டிகிரிக்கு வரும்போது, ராத்திரி அதே 60-இல் தொடங்கினால், ஓட்டையே இல்லாமலும் முள் எட்டரையில் நிற்கும் என்று பாயிடம் சொல்லி வைத்தேன். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப மார்கழியில நீங்களே வந்து அழிச்சி எழுதிட்டுப் போயிடுங்க சார்."